பாமன்கடைப் பீங்கான்

எங்கள் எதிர்வீட்டு அன்ரிக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி நடந்ததெல்லாம் போன கிழமை நடந்த மாதிரித்தான். போன கிழமை நடந்தது மட்டும் நினைவிருக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு என் வாசலில் வந்து நின்று, "உந்த யவனன்கள் மிளகெண்டா உயிரை விடுவான்கள் பிள்ளை" என்று தொடங்குவார். பால் பொங்கி வழிந்து தீய்ந்த மணம் எங்கள் வீடு வரைக்கும் வந்த பிறகுதான், "ஐயோ கடவுளே, என்ர பால்!" என்று ஓடுவார். ஓடிப் போய் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், கடைசிக் கட்டடம் எங்களுடையது. மூன்றாம் மாடியில் இரண்டே இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் அவர் தனியாக. கீழே தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். பின்னேரங்களில் கடலின் வெளிச்சம் எங்கள் முகட்டில் வந்து அசைந்துகொண்டிருக்கும். ரயில் போனால் சன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்கும். அந்த நேரத்தில் அன்ரி கதைக்கத் தொடங்கினால் எனக்குப் பாதி நித்திரை, பாதி விழிப்பு. கட்டடம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மெல்லப் புறப்படுகிற மாதிரி இருக்கும். நான் அப்போது கலியாணம் முடித்து வந்த புதுசு. கணவர் வேலைக்குப் போனால் பேச்சுத் துணைக்கு வேறு ஆளில்லை. அதனால் யவனர், சீனர், பாரசீகர் எல்லாரும் எனக்கு அன்ரி வழியாகத்தான் பழக்கம்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்து வேலை. எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது, என்ன இறக்குகிறது, என்ன ஏற்றுகிறது என்று அடித்துக்கொண்டே இருப்பது. வேலை ஓய்ந்த மத்தியானங்களில் பழைய துறைகளைப் பற்றிய புத்தகங்களை நூல்நிலையத்திலிருந்து கொண்டுவந்து படித்தாராம். நாளடைவில் கந்தோர்க் கப்பலும் புத்தகக் கப்பலும் அவர் தலைக்குள் ஒரே துறையில் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகு கந்தோர்க் கப்பல்கள் போய்விட்டன. மற்றவை போகவில்லை.

"மாந்தைத் துறையில பாரசீகத்தான் நீலச் சாடி கொண்டந்து இறக்குவான். சீனத்தான் பட்டு. நாங்கள் முத்துக் குடுப்பம், ஆனை குடுப்பம்."

"ஆனையை எப்பிடி அன்ரி கப்பலில ஏத்தினவை?"

"அது அவையின்ர பாடு. வாங்கினவன் ஏத்துவான்தானே."

இப்படித்தான் பதில் வரும். எனக்கு வாய் சும்மா இருக்காது, அவருக்கும் இருக்காது. இரண்டு பேரும் நன்றாகப் பொருந்திவிட்டோம். அரிசி என்ற சொல்லும் இஞ்சி என்ற சொல்லும்கூடச் சாமானோடு சாமானாகக் கப்பலேறி மேற்கே போனதாகச் சொல்லுகினம் என்பார். "சொல்லுக்கு நிறை இல்லைப் பிள்ளை, சும்மா ஏறிப் போயிடும்." செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி, வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை. என்ன அன்ரி இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "துறைமுகத்துப் பிள்ளைக்கு எல்லாக் கப்பலும் ஒண்டுதான்" என்று சிரிப்பார்.

அவருக்கு மிகவும் பிடித்த ஆள் ஒரு சீனத்துப் பிக்கு. பழைய காலத்தில் நடந்தும் கப்பலேறியும் இந்தத் தீவுக்கு வந்து, திரும்பிப் போய்ப் பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தவர். அவரைப் பற்றி அன்ரி சொல்வது சொந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வது போலிருக்கும். "பாவம், கன வருஷமா ஊரை விட்டு வந்தவர். அனுராதபுரத்தில ஆரோ ஒரு வியாபாரி புத்தருக்கு முன்னால ஒரு வெள்ளைப் பட்டு விசிறியை வைச்சிருக்கிறான். பாத்தா சீனத்து விசிறி. அவ்வளவுதான், மனுசன் நிண்ட நிலையில அழுதிட்டார்." இதைச் சொல்லும்போது அன்ரியின் குரல் இறங்கிவிடும்.

அந்தப் பிக்கு கேட்டு எழுதிய இன்னொரு கதையும் உண்டு. அதை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுக்காது. "முந்தி இந்தத் தீவில மனுசரே இல்லையாம். பூதங்களும் நாகங்களும்தானாம். வியாபாரியள் கப்பலில வருவினமாம். பூதங்கள் முகம் காட்டாதாம். சாமானைக் கரையில வைச்சு, இன்ன விலை எண்டும் போட்டிட்டு மறைஞ்சிடுமாம். வந்தவை விலையை வைச்சிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போவினமாம். ஒரு கதை இல்லை, பேச்சில்லை. அதால சண்டையும் இல்லை." சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தபடி இருப்பார். கடலில் தூரத்தே ஏதாவது ஒரு கப்பல் நிற்கும். எனக்கு அந்த முகமில்லாத பூதங்கள் கீழே தண்டவாளத்துக்கு அங்கால், பாறைகளுக்குள் ஒளிந்து நின்று எங்களைப் பார்ப்பது போலிருக்கும்.

இவ்வளவு கதைத்த அன்ரிக்குக் கதைக்காத ஒரு ஆள் உண்டு. அது அவருடைய ஒரே மகள்.

மகள் ஒரு சிங்களப் பெடியனை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். நான் அங்கே குடிவருவதற்குக் கொஞ்சம் முந்தித்தான். அன்ரி போகவில்லை. போகாதது மட்டுமில்லை, "இந்தப் படி நீ மிதிக்கக் கூடாது, உன்ர படி நான் மிதிக்கமாட்டன், உன்னோட ஒரு கதை கதைக்கமாட்டன்" என்றும் சொல்லிவிட்டார். மகளும் தாய்க்குத் தப்பாத பிள்ளை. "நீங்களா வந்து கதைக்குமட்டும் நானும் கதைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் பாமன்கடைக்கு, புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடை என்ன தூரம்? ஒரு பாட்டுக் கேட்டு முடிய முந்தி முச்சக்கரவண்டி போய்ச் சேர்ந்துவிடும். அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் நேரே கேட்டேன். "அன்ரி, யவனர் வந்தா நல்லம். பாரசீகத்தான் வந்தா நல்லம். பாமன்கடைப் பெடியன் வந்தா மட்டும் கூடாதோ?"

"கதை வேற, வீடு வேற" என்றார் பட்டென்று. "கப்பல் துறையில நிக்கலாம். வீட்டுக்க வரலாமோ? வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணியைக் குடி."

குடித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்மேல் சரியான கோபம். பொழுது படுகிற நேரத்தில் அவர் ஃபோனை எடுத்து மகளின் வாட்ஸ்அப் படத்தைத் திறந்து பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "ஒன்லைனில நிக்கிறாள்" என்று தனக்குள் சொல்லிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பார். அங்கே அவளும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்க, கோபம் போய்த் துக்கம் வரும்.

சித்திரை வருஷப்பிறப்பு வந்தது. எங்களுக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள். அன்றைக்குப் பின்னேரம் எங்கள் ஒழுங்கை முனையில் முச்சக்கரவண்டி ஓடுகிற முஸ்லிம் அண்ணன், துணியால் மூடிய ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து அன்ரியிடம் கொடுத்தார். நீலப்பூப் போட்ட பெரிய பீங்கான். உள்ளே கொக்கிஸ், கவும் என்று சிங்களப் பலகாரங்கள், வாழைப்பழம். மகளின் மாமியார் அனுப்பியிருந்தார். அன்ரி அதை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே கதிரையைப் போட்டு, பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பி அனுப்பிவிடுங்கோவன்" என்றேன், வேண்டுமென்றே.

"வருஷத்துப் பலகாரத்தைத் திருப்பி அனுப்புறதோ? விசரே உனக்கு?"

"அப்ப சாப்பிட்டிட்டுப் பீங்கானை மட்டும் அனுப்புங்கோ."

"வெறும் பீங்கானோ?" அன்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. "வெறும் பீங்கான் அனுப்புற குடும்பமோ நாங்கள்?"

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். அயலட்டையில் இருந்து பாத்திரம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பச்சைமிளகாயாவது, ஒரு பிடி சீனியாவது வைத்துக் கொடுக்கவேண்டும். வெறும் பாத்திரம் என்றால் உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். சங்காத்தம் வேண்டாம் என்று வாயால் சொன்ன அன்ரிக்கு அதைப் பாத்திரத்தால் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நாள் இருந்து பயறு வறுத்து, இடித்து, பயத்தம் பணியாரம் சுட்டார். முச்சக்கரவண்டி அண்ணனிடம் கொடுத்து, "ஒண்டும் சொல்லாதேங்கோ. குடுத்திட்டு வாங்கோ, காணும்" என்றார்.

பாமன்கடை அம்மாவும் லேசான ஆளில்லை. அவர் வீட்டிலும் வெறும் பாத்திரம் திருப்புகிற வழக்கம் இல்லை. அடுத்த கிழமையே பீங்கான் வந்துவிட்டது. இப்படியாக, முகமும் காட்டாமல் பேச்சும் இல்லாமல், அந்த நீலப்பூப் பீங்கான் வெள்ளவத்தைக்கும் பாமன்கடைக்கும் போய்வரத் தொடங்கியது.

இரண்டாம் முறை வந்தது முங் கவும். பயற்றம் மாவில் சர்க்கரைப்பாணி விட்டுப் பிசைந்து, சாய்சதுரமாக வெட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தது. அன்ரி ஒன்றைக் கடித்தார். கண் விரிந்தது. "பிள்ளை, இது எங்கட பணியாரம்! வெட்டிவிட்டா அவையின்ரயோ?"

"உருட்டிவிட்டா உங்கடையோ எண்டு அவை கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

அவர் அந்தக் கவுமை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர் முதல் சுட்டது எண்டு அந்தப் பூதங்களைத்தான் கேக்கவேணும்" என்று கடைசியில் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, கொறக்காய்ப் புளி போட்டு வற்றவைத்த அம்புல்தியல் மீன் வந்து, அன்ரி "சிவசிவா" என்று அதைக் குளிர்சாதனப் பெட்டியில் பூட்டி, சனிக்கிழமை விடிய எடுத்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவருடைய மீன்குழம்பில் பழப்புளி குறைந்து கொறக்காய் சேர்ந்துகொண்டது. கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். அங்கிருந்து வருகிற கறிகளிலோ யாழ்ப்பாணத்து வறுத்த தூளின் மணம் ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் பீங்கானைத் திறந்து மணந்தால் எந்த வீட்டில் இருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. நான் சன்னலோரம் இருந்து அதை மணந்தபடி கடலைப் பார்ப்பேன். மாந்தையில் சாடி திறந்தபோதும் இப்படித்தான் மணத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் வந்த பீங்கானில் பணியாரம் இருந்தது. உருண்டையான, எங்களுடைய பணியாரம். ஆனால் ஒவ்வொன்றிலும் மேல்மா வழிந்து பொரிந்த வால். அன்ரி சுட்டால் அந்த வால்களை எல்லாம் ஒடித்து, வடிவாக்கித்தான் அடுக்குவார். இது ஒன்றும் ஒடிக்கப்படவில்லை. அன்ரி ஒரு பணியாரத்தைக் கையில் எடுத்து வாலை மெல்லத் தடவினார்.

"சின்னனில இந்த வாலுக்குத்தான் சண்டை பிடிப்பாள். ஒடிக்க விடமாட்டாள்" என்றார். "இது அவளின்ர கை."

கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. எனக்குச் சட்டென்று அனுராதபுரத்தில் விசிறிக்கு முன்னால் நின்ற பிக்குவின் நினைவு வந்தது. நானும் அழுதுவிட்டேன். "கண்ணுக்க தூள் விழுந்திட்டுது" என்று அவர் சொன்னார். அங்கே எந்தத் தூளும் இல்லை.

பிறகு ஒருமுறை அன்ரி தேசிக்காய் ஊறுகாய் அனுப்பினார். வழக்கமாகக் கிழமைக்கணக்கில் தங்குகிற பீங்கான் அந்தமுறை இரண்டே நாளில் திரும்பியது. ஊறுகாய்ப் போத்தலும் கூடவே வந்தது, அடிவரைக்கும் வழித்துத் துடைத்தபடி. மேலும் அனுப்பினார், அதுவும் அப்படியே. அன்ரி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கிவிட்டது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமலே மகள் முழுகாமல் இருக்கிற செய்தி மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தது.

"இப்பவாவது ஒரு ஃபோன் எடுங்கோ அன்ரி."

"அவள் எடுக்கட்டும்."

"பிள்ளை பிறக்கப் போகுது!"

"பிறக்கட்டும். என்ர பேரப்பிள்ளைதானே." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்தப் பிடிவாதத்தை நினைத்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாயும் மகளும் ஒரு சொல் பேசாமலே அந்தக் குழந்தை பிறந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. ஒருமுறை பேசாமல் விட்டால் பிறகு விட்டதுதான்.

மாதங்கள் போயின. ஊறுகாயும் மாங்காய்ச் சம்பலும் போய்க்கொண்டே இருந்தன. பிறகு போன பீங்கான் வரவில்லை. ஒரு கிழமை பார்த்தோம், அடுத்த கிழமையும் பார்த்தோம். அன்ரி யவனரை மறந்தார், சீனரை மறந்தார். பால் பொங்கவில்லை, ஏனென்றால் பால் வைக்கவே இல்லை. ஒவ்வொரு முச்சக்கரவண்டிச் சத்தத்துக்கும் சன்னலுக்கு எழும்பிப் போவார். செவ்வாய்க்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கொச்சிக்கடைக்குப் போய் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினார். என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

ஒரு காலமை, முச்சக்கரவண்டி அண்ணன் படியேறி வந்தார். கையில் பீங்கான். அன்ரி பறிக்காத குறையாக வாங்கித் துணியை விலக்கினார்.

பீங்கான் வெறுமையாக இருந்தது. கழுவித் துடைத்து, நீலப்பூப் பளபளவென்று.

"ஒண்டும் தரேல்லையோ?"

"இல்லம்மா."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அந்த வீட்டம்மா சொன்னாங்க. அம்மாக்கிட்ட சொல்லுங்க, 'என்ன' எண்டு. அவ்வளவுதான்."

"என்ன எண்டோ?"

"ஓம்மா. 'என்ன' எண்டு மட்டும்தான்."

அன்ரி வெடித்தார். "வெறும் பீங்கானும் அனுப்பி, என்ன எண்டு கேள்வியும் கேக்கிறாவோ? என்னை? ஒரு வருஷமா விடிய எழும்பி இடிச்சு, வறுத்து, சுட்டு அனுப்பினதுக்கு, என்ன எண்டோ? என்ன எண்டு நானெல்லோ கேக்கவேணும்! தம்பி, வண்டியைத் திருப்பும்!"

வீட்டு உடுப்பு மாற்றவில்லை. தலை இழுத்துக் கட்டவில்லை. கதவைப் பூட்டக்கூட மறந்து, பீங்கானை நெஞ்சோடு பிடித்தபடி இறங்கினார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். வண்டிக்குள் முழுவதும் பேச்சுத்தான். பாமன்கடையில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது அவர் இறங்கிய வேகத்தில், இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

வாசலில் ஒரு மெலிந்த அம்மா வந்து நின்றார். ஒரு வருஷமாக ஒருவருடைய கைச்சமையலை மற்றவர் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இதுதான் முதல்தரம்.

அன்ரி பீங்கானை உயர்த்திப் பிடித்தார். "என்ன? என்ன இது? என்ன எண்டு கேட்டனீங்களாம்? சொல்லுங்கோ, என்ன?"

அந்த அம்மாவின் முகம் முழுவதும் மலர்ந்தது. இரண்டு கையையும் நீட்டி, "என்ன அக்கே, என்ன, என்ன! கெதரட்ட என்ன!" என்றார்.

அன்ரி தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்', 'கெதரட்ட' என்றால் 'வீட்டுக்கு' என்று அர்த்தம். காலி வீதிக் கடைகளில் சிங்களத்தில் பேரம் பேசுகிற அன்ரிக்குத் தெரியாத சொல்லில்லை அது. அந்த அம்மா தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் அண்ணனிடம் சொல்லியனுப்ப, கடைசிச் சொல் மட்டும் சிங்களமாக விழுந்துவிட்டது. அண்ணன் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டார். தமிழாகவே வந்ததால் அன்ரிக்கும் தமிழாகவே கேட்டது. வா என்று கூப்பிட்டதற்குத்தான் சண்டைக்கு வந்து நிற்கிறோம் என்று விளங்கியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அப்ப... பீங்கான் ஏன் சும்மா வந்தது?" அன்ரியின் குரல் பாதியாகிவிட்டது.

"இந்தமுற பீங்கான்ல வைக்க ஏலா அக்கே" என்றார் அந்த அம்மா, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடி எடுத்து. "பெரிசு." சொல்லிவிட்டு உள்ளே போய், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்தார். அன்ரியின் கையிலிருந்த பீங்கானை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்காவிட்டால் கீழே விழுந்து உடைந்திருக்கும்.

பெண்பிள்ளை. சிவந்த சின்ன முகம், மூடிய கண். அன்ரி பிள்ளையை ஏந்தியபடி உள்ளே நடந்தார். அந்த வீட்டில் எது எந்த அறை என்று ஒருவரும் காட்டவில்லை, அவராகவே போனார்.

கட்டிலில் மகள் சுவரில் சாய்ந்து இருந்தாள். தாய் வந்ததைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது. தலையில் துணி இல்லை, நேரே மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அன்ரியும் பேசவில்லை. பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். நான் பீங்கானோடு கதவடியில் நின்றேன்.

"உந்த ஃபானை நிப்பாட்டு" என்றார் அன்ரி. "பச்சை உடம்பு. துணி எடுத்துக் காதைக் கட்டு. குளிர் ஏறப்போகுது."

மகள் கண்ணைத் துடைத்தாள். "ஆரோட கதைக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

"உன்னோடதான்" என்றார் அன்ரி. "வேற ஆரோட?"